பதினோரு மீட்டர்

அந்தப் பக்கமிருந்து வந்த குழாய்
உப்புக்கார சந்து முனையில் நின்றது.
இந்தப் பக்கமிருந்து போன குழாய்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றது.
நடுவில் பதினோரு மீட்டர்.
அதன்மேல் என் இட்லிக் கடை.

அளந்தவள் ஜே.இ. நஸ்ரின்.
டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து
"இறுக்கிப் பிடிங்கக்கா" என்றாள்.
பிடித்தேன்.
என் அடுப்பை நானே அளந்து கொடுத்தேன்.
இரண்டு ஓரத்திலும் தரையில்
மஞ்சள் பெயின்ட்டால் கோடு இழுத்துவிட்டு,
கை கழுவத் தண்ணீர் கேட்டாள்.
அரை சொம்பு ஊற்றினேன்.

தொட்டி அவர்கள் வார்டில்,
மோட்டார் எங்கள் வார்டில்.
ஒன்றை விட்டால் மற்றது வெறும் இரும்பு.
இரண்டு கட்சியும் ஒரே மேடையில்
மாலை மாற்றிக்கொண்ட வருஷம் போட்ட திட்டம்.

கூட்டணி எங்கோ தூரத்தில் உடைந்தது,
ஏ.சி. அறையில், ராத்திரி பதினொன்றுக்கு.
சத்தம் இங்கே கேட்டது.
மறுநாள் ஜேசிபி வரவில்லை.
டிரைவர் மட்டும் வந்து
நாலு இட்லி, ஒரு வடை தின்றுவிட்டு
"இன்னா கோட்டீஸ்வரிக்கா, கடை தப்பிச்சிச்சு" என்றான்.
சிரித்தேன். சில்லறை கொடுத்தேன்.

பிறகு ஸ்டே வந்தது.
ஸ்டேவுக்கு ஸ்டே வந்தது.
எத்திராஜுலு பெயரை மேலே வெட்டி ஒரு கல்,
ஷீலா ராணி பெயரை மேலே வெட்டி இன்னொரு கல்.
திறந்துவைக்கத் தண்ணீர்தான் இல்லை.
அதில் ஒரு கல் என் கடைக்கு வந்து சேர்ந்தது.
கவிழ்த்துப் போட்டுப் பாத்திரம் துலக்குகிறேன்.
நல்ல கிரானைட்.
அடியில் யார் பெயர் என்று சொல்லமாட்டேன்,
இரண்டு பேருமே எனக்கு டிபன் பாக்கி.

திங்கட்கிழமை அவர்கள் காலிக்குட மறியல்.
எண்பது பொட்டலம் ஆர்டர்.
வியாழக்கிழமை எங்கள் ஆட்கள்.
எண்பது போதாது, நூறு என்றார்கள்.
விளிம்பில் நகப்பூச்சால் 'ர' எழுதிய
ரமீஜாவின் பச்சைக் குடத்தை
இரண்டு கூட்டத்திலும் பார்த்தேன்.
அவளைக் கேட்டால்
"கொடத்துக்கு இன்னாக்கா கட்சி" என்கிறாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும், வராது.
கேட் சாத்தியிருக்கும்.
டேங்கர் வண்டிகளை இழுத்துக்கொண்டு
கூட்ஸ் போய்க்கொண்டே இருக்கும்.
எண்ணெய் என்று தெரியும்.
தெரிந்தும் நாற்பத்திரண்டு வரை எண்ணுவேன்,
குடம் குடமாக.

உப்புக்கார சந்துக் குழாய்க்குள்
செவலை நாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது.
வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி,
என் கடைக்குள்ளேயே நடந்து,
இந்தப் பக்கத்துக் குழாயில் கொண்டுபோய் வைத்தது.
இரண்டு வார்டையும் சேர்த்து
அந்தத் திட்டத்தில் இதுவரை ஓடியது அதுதான்.

ஆடி வெள்ளியில் அம்மன் முன்னால் நின்றேன்.
தண்ணீர் கேட்டால் கடை போகும்.
கடையைக் கேட்டால் ரமீஜா பின்னால் நிற்கிறாள்,
இடுப்பில் அந்தப் பச்சைக் குடம்.
கற்பூரம் எரிந்து முடியும்வரை
ஒன்றும் கேட்காமல் நின்றேன்.
எனக்குள்ளும் ஒரு கூட்டணி
இப்படித்தான் உடைந்து கிடந்தது.

நஸ்ரினை மாற்றிவிட்டார்கள், ஓசூருக்கு என்றார்கள்.
போகிற அன்று வந்து மூன்று இட்லி சாப்பிட்டாள்.
காசு வாங்க மறுத்தேன்.
இலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கார்த்திகை மழையில்
அவள் போட்ட மஞ்சள் கோடு கரைந்தது.
இடது பக்கத்தது பாதி,
வலது பக்கத்தது சுத்தமாக.
அடுத்து வருகிறவனுக்கு
எங்கே வெட்டவேண்டுமென்று தெரியாது.
நல்லதுதானே என்றது ஒரு மனம்.

நேற்று விடியற்காலை
மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன்.
தெருவில் யாரும் இல்லை.
கால் லிட்டர் மஞ்சள் பெயின்ட், நூற்றிப்பத்து ரூபாய்.
பழைய துணியைச் சுருட்டித் தோய்த்துக்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
இடது கோட்டின் மேலேயே ஒரு இழுப்பு.
வலது பக்கம் நினைவில் இருந்த இடத்தில்
இன்னொன்று.

கொஞ்சம் கோணல்தான்.
காய்வதற்குள் முதல் கிராக்கி வந்துவிட்டான்.
"பாத்து வா, பெயின்ட்டு ஈரம்" என்றேன்.